பழைய காருக்குச் சரியான பேரிங் தேடுவது எப்படி? மலைநாட்டு வண்டிக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ரம்பொடை இறக்கத்தில்தான் பேரிங் பேசத் தொடங்கும். ஏறும்போது எஞ்சின் சத்தத்துக்குள் ஒளிந்திருந்த முனகல், இறங்கும்போது அக்ஸலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் தனியாகக் காதில் விழும். 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவிலிருந்து கம்பளைப் பக்கம் இறங்குகிற பழைய காரில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு, வீடு போய்ச் சேரும்வரை வயிற்றில் ஒரு கலக்கம் இருந்துகொண்டே இருக்கும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை நல்ல மெக்கானிக் யாரும் கண்டுபிடித்துவிடுவார். கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. "இந்தக் காருக்கு இப்ப பேரிங் வாறதில்ல" என்று கடைக்காரர் சொல்வார், நாமும் நம்பிவிடுவோம். பேரிங் கம்பெனிகள் காரின் பெயரைப் பார்த்துப் பேரிங் செய்வதில்லை. அளவைப் பார்த்துச் செய்கின்றன. உங்கள் காரைச் செய்த தொழிற்சாலை மூடி 50 வருடம் ஆகியிருந்தாலும், அதே அளவுப் பேரிங் இன்றைக்கும் ஏதோ ஒரு பம்பிலோ மோட்டாரிலோ சுற்றிக்கொண்டிருக்கலாம். ஆகவே கடைக்குப் போகும்போது காரின் பெயரோடு போகாதீர்கள், அளவோடு போங்கள்.

இதை எனக்குக் கற்றுத்தந்தவர் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்த ஒரு பெரியவர். நண்பரின் போருக்கு முந்திய இங்கிலாந்து சலூன் ஒன்றின் கியர்பொக்ஸ் பேரிங்கைக் காகிதத்தில் சுற்றி அவரிடம் கொண்டுபோனேன். அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நம்பர நம்பாத தம்பி. அது குந்தியிருந்த எடத்த அளந்தியா?" என்று கேட்டார். நான் அளக்கவில்லை. அந்தக் கதைக்குக் கீழே வருகிறேன்.

முதல் படி: எந்தப் பேரிங் என்று உறுதிசெய்வது

வளைவுகள் இதற்கு நல்ல சோதனைக்களம். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சக்கரங்களில் விழும். அப்போது முனகல் கூடினால் வலப்பக்கத்தைச் சந்தேகியுங்கள். எதிர்வளைவில் சத்தம் அடங்குகிறதா என்றும் பாருங்கள்.

பிறகு சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஜெக்கில் தூக்குங்கள். நம் ஊரில் சமதரை அரிது, ஆனாலும் தேடித்தான் ஆகவேண்டும். சரிவில் ஜெக் போடாதீர்கள். டயரை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும். அது பேரிங்கின் ஆட்டமா, முன் சக்கரம் திரும்புவதற்கான அச்சாணியான கிங்பின்னின் ஆட்டமா? உதவிக்கு ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின், அல்லது மொரிஸ் மைனர் போன்ற வண்டியானால் அதே வேலையைச் செய்யும் ட்ரன்னியன். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் நல்ல பேரிங்கைக் கழற்றி எறிந்தவர்கள் பலர்.

சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, இன்னொரு கையை ஸ்பிரிங் மேல் வையுங்கள். பழுதான பேரிங்கின் கரகரப்பு காதுக்கு முன்னால் விரலுக்குத் தெரியும்.

இரண்டாம் படி: கழற்றும்போது எதையும் தொலைக்காமல் இருப்பது

கழற்றுகிற ஒழுங்கிலேயே பழைய பத்திரிகைத் தாளில் வரிசையாக வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுங்கள். பேரிங்குக்குப் பின்னால் ஷிம் என்ற மெல்லிய தகட்டு வளையம் இருக்கும், இரண்டு பேரிங்குக்கும் நடுவே இடைவெளி காக்கும் ஸ்பேசர் குழாய் இருக்கும். கிரீஸோடு ஒட்டிக்கொண்டு வருகிற இந்தச் சின்னத் துண்டுகளே துடைக்கும் துணியோடு குப்பைக்குப் போகின்றன.

பழைய இங்கிலாந்து வண்டிகள் சிலவற்றில் ஒரு பக்க ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) நட்டுக்கு மறுதலை மரை உண்டு, அதாவது எதிர்ப்பக்கம் திருப்பித்தான் கழற்ற வேண்டும். நட் அசையவில்லையென்றால் நீளமான பைப் மாட்டி இழுப்பதற்கு முன், மரை எந்தப் பக்கம் சரிகிறது என்று கண்ணால் பாருங்கள்.

பேரிங்கின் எந்த முகம் வெளியே பார்த்திருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டுப் பாரம் தாங்கும் கோணப் பந்து பேரிங்கில் ஒரு விளிம்பு தடித்தும் மறு விளிம்பு மெலிந்தும் இருக்கும். அதைத் திருப்பிப் போட்டால், பேரிங் சரியானதாக இருந்தும் பந்துகள் விளிம்பேறிச் சீக்கிரமே கெட்டுவிடும்.

புதியது வண்டியில் ஏறி ஓடும்வரை பழையதை, உடைந்திருந்தாலும், எறியாதீர்கள்.

மூன்றாம் படி: எண்ணை வாசிப்பது

மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவுங்கள். காற்றுக் குழாயால் ஊதிப் பேரிங்கைச் சுற்றவைத்து வேடிக்கை பார்க்காதீர்கள். கிரீஸ் இல்லாமல் வேகமாகச் சுற்றும் பேரிங் கெடும், சிதறினால் கண்ணும் போகும். வளையத்தின் பக்கவாட்டில் வெள்ளைச் சோக்கைத் தேய்த்து விரலால் துடைத்தால், பள்ளத்தில் சோக் தங்கி எழுத்து எழும்பும். வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடியுங்கள். உள் வளையம், வெளி வளையம் இரண்டையும், இரண்டு பக்கமும் பாருங்கள்.

மில்லிமீற்றர் பந்து பேரிங்கானால் வாசிப்பது சுலபம். 6205 என்றிருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை 5ஆல் பெருக்குங்கள்: உள்விட்டம் 25 மில்லிமீற்றர். 6206க்கு 30, 6207க்கு 35. இந்தக் கணக்கு 04 முதல்தான் பொருந்தும். அதற்குக் கீழே 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. இரண்டாவது இலக்கம் தடிப்பைக் காட்டுவது. 6205 வெளியே 52, அகலம் 15. அதே உள்விட்டமுள்ள 6305 வெளியே 62, அகலம் 17.

1950கள், 60களின் இங்கிலாந்து வண்டிகளில் அங்குலப் பேரிங் நிறைய வரும். இதை மனதில் வைக்க நம் தச்சர் கணக்கே போதும். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல் அல்லவா? பேரிங்கில் ஆர்.எல்.எஸ். 8 (RLS 8) என்றிருந்தால் உள்விட்டம் எட்டு நூல், அதாவது ஓர் அங்குலம். ஆர்.எல்.எஸ். 6 என்றால் ஆறு நூல், முக்கால் அங்குலம். ஆர்.எல்.எஸ். 10 பத்து நூல், ஒன்றேகால் அங்குலம். இது மெல்லிய வரிசை. ஆர்.எம்.எஸ். தடித்த வரிசை, நூல் கணக்கு அதேதான். டிக்கோயாப் பெரியவர் பேரிங்கைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்டது, "எத்தன நூலு?" என்றுதான்.

பழைய பேரிங்கில் கம்பெனிக்குக் கம்பெனி வேறு எழுத்து இருக்கும். ரான்ஸம் அண்ட் மார்ல்ஸ் கம்பெனி மெல்லிய வரிசைக்கு எல்.ஜே., தடித்ததற்கு எம்.ஜே. என்று போட்டது. எல்.ஜே. 1 என்பது ஓர் அங்குலம், ஆகவே ஆர்.எல்.எஸ். 8க்குச் சமம். எல்.ஜே. 25 என்றிருந்தால் அது 25 மில்லிமீற்றர், அதாவது 6205. இந்த 1க்கும் 25க்கும் நடுவேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். எழுத்துக்குப் பின்னால் 'டி' சேர்ந்து எம்.ஜே.டி. என்று வந்தால் அது கோணப் பந்து பேரிங். ஹொஃப்மன் கம்பெனியின் 125 என்பது 6205, 325 என்பது 6305.

ஹொஃப்மனும் ரான்ஸம் அண்ட் மார்ல்ஸும் இன்று அந்தப் பெயரில் இல்லை. 1969இல் பொலர்டோடு சேர்ந்து ஆர்.எச்.பி. ஆனார்கள், 1990இல் அது ஜப்பானின் என்.எஸ்.கே. கைக்குப் போனது. ஆகவே ஹொஃப்மன் எண்ணைக் கேட்டுக் கடைக்காரர் விழித்தால், ஆர்.எச்.பி. பட்டியலையோ என்.எஸ்.கே. பட்டியலையோ பார்க்கச் சொல்லுங்கள். எண் மாறியிருந்தாலும் அளவு மாறியிருக்காது.

கூம்பு உருளைப் பேரிங், கராஜ் பேச்சில் டேப்பர் பேரிங், இரண்டு துண்டாக வரும். உருளைகளோடு இருப்பது கோன், ஹப்புக்குள் இறுகி இருப்பது கப். இரண்டுக்கும் தனித்தனி எண். எல்.எம். 11949 கோனுக்கு எல்.எம். 11910 கப், உள்ளே முக்கால் அங்குலம். தோட்டங்களில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் ஹப்பில் 18590 கோனும் 18520 கப்பும் இருக்கும், உள்ளே 41.275 மில்லிமீற்றர், அதாவது பதின்மூன்று நூல். கடையில் இரண்டு எண்ணையும் சொல்லுங்கள். காசை மிச்சம்பிடிக்கக் கோனை மட்டும் மாற்றிப் பழைய கப்பை விட்டுவிட்டால், அதன் தேய்ந்த தடம் புதுக் கோனையும் கூடவே அழைத்துக்கொண்டு போய்விடும்.

நான்காம் படி: அளப்பது

இதுதான் இந்த வேலையின் உயிர். எண் தெளிவாகத் தெரிந்தாலும் அளக்க வேண்டும். அந்த எண்ணுள்ள பேரிங்தான் தொழிற்சாலையில் போட்டது என்பதற்கு என்ன உத்தரவாதம்? 60 வருடமாக எத்தனை கை பட்ட வண்டி!

நண்பரின் சலூனுக்கு வருகிறேன். கியர்பொக்ஸிலிருந்து வந்தது 6305, தெளிவான எண். புதிதாக ஒன்று வாங்கிப் போட்டோம். மூன்று மாதத்தில் மறுபடி அதே சத்தம். பெரியவர் சொன்னபடி, பேரிங் இருந்த பொந்தை அளந்தோம்: 63.5 மில்லிமீற்றர். 6305இன் வெளிவிட்டம் 62. இடைவெளியை மூட யாரோ, எப்போதோ தகரத்தை வெட்டிச் சுற்றியிருந்தார்கள். பொந்தின் ஆழம் 19.05, பேரிங்கின் அகலம் 17, மீதிக்கு ஒரு வாஷர். சுழலும் தண்டான ஷாஃப்டில் பேரிங் ஏறுகிற இடத்தை லேத்தில் 25க்குக் கடைந்திருந்தார்கள். ஆனால் பக்கத்துப் பகுதி 25.4, சரியாக ஓர் அங்குலம். ஆக அங்கே பிறந்தபோது இருந்தது ஓர் அங்குல ஆர்.எம்.எஸ். 8: 25.4, 63.5, 19.05. அது கிடைக்காத ஏதோ ஒரு காலத்தில் கிடைத்ததை வைத்து ஓட்டியிருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, வண்டியை ஓடவைத்தார்கள். ஆனால் அந்தப் பேரிங்கின் எண்ணையே நம்பிக் கடைக்குப் போன நாங்கள் மூன்று மாதத்தையும் பணத்தையும் இழந்தோம்.

ஆகவே அளக்க வேண்டியவை இவை. பேரிங்கின் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம். பிறகு ஷாஃப்டில் அது ஏறுகிற இடம், ஹப்பில் அல்லது பொந்தில் அது உட்காருகிற இடம். வேர்னியர் முதல் வேலைக்குப் போதும். ஷாஃப்டுக்கு மைக்ரோமீட்டர் வேண்டும், லேத் பட்டறையில் இருக்கும். ஒரே இடத்தில் அளக்காமல் கால்வாசி திருப்பி மறுபடி அளந்து பாருங்கள், தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தால் அப்போதுதான் தெரியும்.

அளவு 57.15, 63.5, 15.875 என்று விநோதமாக வந்தால் 25.4ஆல் வகுத்துப் பாருங்கள். இரண்டேகால் அங்குலம், இரண்டரை அங்குலம், ஐந்து நூல் என்று முழுசாக வந்து நின்றால் அது அங்குலப் பேரிங்தான். 25க்கும் 25.4க்கும் வித்தியாசம் அரை மில்லிமீற்றர்கூட இல்லை. அடித்தால் ஏறிவிடும் என்று நினைக்காதீர்கள். இந்த வேலையில் அது மலையளவு வித்தியாசம்.

ஷாஃப்டின் படி தொடங்கும் மூலையில் சிறு வளைவு இருக்கும், அதையும் கவனியுங்கள். புதுப் பேரிங்கின் ஓரச் சீவல் அந்த வளைவைவிடச் சிறியதாக இருந்தால், பேரிங் படியில் அமராமல் வளைவிலேயே தொங்கும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஓரத்தை ஒப்பிட்டால் போதும்.

இறுக்கம் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. முன் ஹப்பில் வெளி வளையம் சுற்றுகிறது, ஆகவே அது ஹப்பில் இறுக்கமாகவும், உள் வளையம் சக்கரத்தைத் தாங்கும் குட்டை அச்சான ஸ்டப் எக்ஸில் மேல் கையால் தள்ளினால் நழுவுகிறதாகவும் இருக்கும். கியர்பொக்ஸில் ஷாஃப்ட் சுற்றுகிறது, ஆகவே இறுக்கம் உள் வளையத்தில். இறுக்கமாக இருக்க வேண்டிய இடம் கைக்கு லேசாக வந்தால் பேரிங்கை மாற்றுவதால் மட்டும் பயனில்லை. ஷாஃப்டில் புள்ளி புள்ளியாகக் குத்தி இறுக்குவதும் தகரம் வைப்பதும் சில மாதத்துக்குத்தான்.

ஐந்தாம் படி: இனத்தையும் பின்னெழுத்தையும் பொருத்துவது

அளவு பொருந்தினாலும் இனம் மாறக்கூடாது. மொரிஸ் மைனரின் முன் ஹப்பில் தொழிற்சாலையில் போட்டது பந்து பேரிங். பீட்டில் காரின் முன் சக்கரத்தில் 1965 ஆகஸ்ட் வரை பந்து, அதற்குப் பிறகு டேப்பர். டேப்பருக்குச் சிறிது ஆட்டம் விட்டு நட்டைச் சரிசெய்ய வேண்டும். நடுவே ஸ்பேசர் வைத்து இறுக்கிப் பூட்டும் பந்து பேரிங் அமைப்பில் அந்தக் கதையே வேறு. ஒன்றைக் கழற்றி மற்றதைப் போட்டுப் பழைய மாதிரியே நட்டை இறுக்கினால், அட்டன் போவதற்குள் ஹப் சுட்டுவிடும்.

எண்ணுக்குப் பின்னால் வருகிற எழுத்துகளில் இவற்றை மட்டும் அறிந்தால் போதும். 2ஆர்.எஸ். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. இசட்.இசட். தகர மூடி. என்.ஆர். என்றால் வெளி வளையத்தில் பள்ளம் வெட்டிக் கம்பி வளையம் மாட்டியது, கியர்பொக்ஸில் இது இல்லாவிட்டால் பேரிங் நகர்ந்துவிடும். சி3 என்றால் உள்ளே வழக்கத்தைவிட இடைவெளி அதிகம். பழையதில் சி3 இருந்தால் புதியதிலும் கேளுங்கள், இல்லாத இடத்தில் 'நல்லது' என்று சொல்லித் தந்தாலும் வேண்டாம். கியர்பொக்ஸ் ஒயிலில் குளிக்க வேண்டிய இடத்துக்கு மூடியில்லாததுதான் பொருத்தம்.

எஞ்சினுக்குள் இருக்கும், பந்தோ உருளையோ இல்லாத அரைவட்டத் தகடான ஷெல் பேரிங் தனிப் பாடம். ஒன்று மட்டும்: எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டை எத்தனை தடவை கடைந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து 10, 20, 30, 40 என்று அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்குக் கணக்கில் அளவு வரும், ஷெல்லின் முதுகில் அடித்திருக்கும். டைனமோவில் பெல்ட் ஓடும் கப்பிப் பக்கம் பந்து பேரிங்கும் மறுபக்கம் வெண்கலப் புஷ்ஷும் இருக்குமானால், புதுப் புஷ்ஷை எஞ்சின் ஒயிலில் ஒரு நாள் முழுக்க ஊறவைத்த பிறகே அடியுங்கள்.

ஆறாம் படி: எங்கே தேடுவது

கார் பாகக் கடைக்கு முன் பேரிங் கடைக்குப் போங்கள். கண்டியிலும் கொழும்பிலும் பேரிங், பெல்ட், ஒயில் சீல் மட்டுமே விற்கும் கடைகள் உண்டு. அவர்களுக்கு உங்கள் கார் தெரியாது, ஆனால் மூன்று அளவைச் சொன்னால் பட்டியலைப் புரட்டுவார்கள். கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்ச்சேருங்கள், பழைய பேரிங்கையும் அளவெழுதிய தாளையும் கையில் வைத்திருங்கள்.

மலைநாட்டில் நமக்கு இன்னொரு வாசலும் உண்டு. தேயிலைத் தொழிற்சாலைகளின் பழைய இயந்திரங்களில் பல இங்கிலாந்திலிருந்து வந்தவை, அங்குல அளவில் பிறந்தவை. அவற்றைப் பராமரித்த பிட்டர்மாருக்கு அங்குலப் பேரிங்கின் சமன் எண்கள் மனப்பாடம். என் கையில் இருக்கும் சமன் எண் பட்டியலில் பாதி அப்படிக் கேட்டு எழுதியது.

இந்தியாவில் உறவினர் இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். அம்பாசடர் கார் மொரிஸ் ஒக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசையிலிருந்து வந்தது, 2014 வரை ஓடிய உற்பத்தி. பிரீமியர் பத்மினி ஃபியட் 1100இன் வழி. வில்லிஸுக்கு மஹிந்திரா ஜீப். இவற்றின் பாகங்கள் சென்னை புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடத்தக்கவை. ஆனால் அங்கும் அளவைச் சொல்லித்தான் வாங்கச் சொல்லுங்கள். ஒரே வம்சம் என்பதற்காக ஹப் மாறாமல் இருந்திருக்கும் என்று எண்ணிவிட முடியாது.

பல வருடம் பெட்டியில் கிடந்த பழைய கையிருப்பு கிடைத்தால் மகிழுங்கள், ஆனால் கழுவிப் பாருங்கள். கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும், அது போகட்டும். தடத்தில் துருப்புள்ளி ஒன்று இருந்தாலும் வேண்டாம். புதியதில் போலிகள் உண்டு: எழுத்து மங்கலாக, கோணலாக, பெட்டியில் ஓர் எண்ணும் வளையத்தில் இன்னோர் எண்ணுமாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். விலை நம்பமுடியாத மலிவாக இருந்தாலும் அப்படித்தான்.

கூடவே ஒயில் சீலும் வாங்குங்கள். நம் மழைக்கும் மூடுபனிக்கும் பேரிங்கைக் கொல்வது தண்ணீர், அது பழைய சீல் வழியாகத்தான் உள்ளே போகிறது.

ஏழாம் படி: பூட்டுவது

எந்த வளையம் இறுக்கமாக ஏறுகிறதோ அதைத்தான் தட்ட வேண்டும். வெளி வளையத்தைத் தட்டி உள் வளையத்தை ஏற்றினால் அடி பந்துகள் வழியாகப் போகும், தடத்தில் குழி விழும். புதுப் பேரிங்கே அன்றைக்கே பழுதாகும். கப்பை இறக்க, பழைய கப்பின் வெளிப்புறத்தைக் கொஞ்சம் தேய்த்து அதையே மேலே வைத்துத் தட்டலாம். ஷாஃப்டில் இறுக்கமாக ஏறும் மூடியில்லாத பேரிங்கை ஒயிலில் 100 பாகை வரை சூடாக்கினால் தானாக நழுவி உட்காரும். நெருப்பைக் காட்டாதீர்கள், நிறம் மாறிய எஃகு உறுதி இழந்த எஃகு.

கிரீஸை உள்ளங்கையில் எடுத்து, உருளைகளுக்கு நடுவே மறுபக்கம் வரும்வரை அழுத்தி நிரப்புங்கள். ஹப்பின் வெற்றிடத்தை முழுக்க அடைக்க வேண்டாம், பாதிக்கு மேல் போகவேண்டாம். நீண்ட இறக்கத்தில் பிரேக் டிரம் கொதிக்கும்போது மிஞ்சிய கிரீஸ் உருகிப் பிரேக் ஷூவுக்குப் போகும். கடுகண்ணாவையிலோ கினிகத்தேனையிலோ அது நடந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய கிரீஸை முழுதாகக் கழுவிவிட்டுப் புதியதை இடுங்கள். இரண்டு வகை கலந்தால் தண்ணீராகிவிடுவதுண்டு.

டேப்பரானால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, உருளைகள் அமர்ந்ததும் தளர்த்தி, பிறகு உங்கள் வண்டியின் மனுவல் சொல்லும் ஆட்டத்தை விடுங்கள். அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து வரை என்பது பொதுவாகக் காணும் அளவு. ஸ்பிளிட் பின் புதிதாகப் போடுங்கள், பழையதை நிமிர்த்திப் போடாதீர்கள்.

எட்டாம் படி: ஓட்டிப் பார்ப்பது

முதலில் பிரேக்கைக் குறைவாகப் பயன்படுத்தி ஐந்தாறு கிலோமீற்றர் சமமான பாதையில் ஓட்டுங்கள். நிறுத்தி ஹப்பைத் தொடுங்கள். இளஞ்சூடு சரி, கையை வைக்க முடியாத சூடு சரியில்லை. இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். 50 கிலோமீற்றருக்குப் பிறகு மறுபடி ஜெக்கில் தூக்கி ஆட்டிப் பாருங்கள்.

நண்பரின் சலூனுக்கு ஷாஃப்டில் ஹார்ட் குரோம் முலாம் ஏற்றி, கிரைண்ட் செய்து, ஓர் அங்குலத்துக்குக் கொண்டுவந்தோம். தகரமும் வாஷரும் போயின. கொழும்பில் ஒரு பேரிங் கடையின் மேல் தட்டிலிருந்து ஆர்.எம்.எஸ். 8 வந்தது, இறுக்கமாக உட்கார்ந்தது. அன்றைக்கே அவருடைய வண்டியின் டேஷ்போர்டுப் பெட்டியில் இருந்த பயிற்சிக் கொப்பியில் எண், மூன்று அளவு, வாங்கிய கடை, திகதி, மைல் மீட்டர் கணக்கு எல்லாவற்றையும் எழுதினோம். கீழே ஒரு வரி சேர்த்தோம்: 'இந்த ஷாஃப்ட் ஓர் அங்குலம். யாரும் மறுபடி கடையவேண்டாம்.'